சிறுபான்மையினர் ஒரே பகுதியில் சேர்ந்து வாழ்வது அவர்கள் விருப்பமா?

நியூ ஜெர்சியில் வீடு தேடிக்கொண்டிருக்கும் உங்கள் அண்ணன், "இங்கே கறுப்பினத்தவர் ஒரு பக்கம், வெள்ளைக்காரர்கள் ஒரு பக்கம், நம்மவர்கள் ஒரு பக்கம். எல்லாருக்கும் தங்கள் ஆட்களோடு இருக்கத்தான் பிடிக்கிறது" என்று சொன்னதாகவும், அதைக் கேட்டதும் உங்களுக்கு நெல்லையில் முஸ்லிம்கள் அடர்த்தியாக வாழும் மேலப்பாளையம் ஞாபகம் வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். சிறுபான்மையினர் வீடு பார்க்கும்போது அக்கம்பக்கத்தில் தங்கள் ஆட்கள் எத்தனை பேர் என்று பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்களா என்பது நீங்கள் எழுத்தில் கேட்டது. உண்மையில் நீங்கள் கேட்பது அதற்கு அடுத்தது என்று நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால், அது விருப்பமா, வேறு வழியில்லாமல் செய்வதா?

நான் படித்தது சமூகவியல். வேலை பார்த்தது வங்கியில், பெரும்பாலும் வீட்டுக் கடன் பிரிவில், திருநெல்வேலியைச் சுற்றியுள்ள கிளைகளில். கடன் கேட்டு வருகிறவர்கள் வட்டி விகிதத்தைப் பற்றிப் பேசுவதைவிட, அந்தத் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். அமெரிக்காவைப் பற்றி நான் சொல்வது படிப்பிலிருந்து வருவது, நெல்லையைப் பற்றிச் சொல்வது பார்த்ததிலிருந்து. இரண்டையும் ஒரே எடையில் வைக்காதீர்கள். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பட்டியல் சாதியினர் எண்ணிக்கையை வார்டு வாரியாக வெளியிடுகிறது, மதத்தை அந்த அளவுக்குப் பிரித்து வெளியிடுவதில்லை. ஆகவே நெல்லையில் எந்தத் தெருவில் எந்த மதத்தினர் எத்தனை பேர் என்று யாராவது சதவீதம் சொன்னால், அது அவர் மதிப்பீடுதான்.

முதலில் அமெரிக்கா. அங்கே கறுப்பினத்தவர் தனிப் பகுதிகளில் குவிந்தது விருப்பத்தால் என்று சொல்வது வரலாற்றுக்கு முரண். 1910-க்கும் 1970-க்கும் இடையில் சுமார் 60 லட்சம் பேர் தென் மாநிலங்களிலிருந்து வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் போனார்கள். போன இடத்தில் அவர்களுக்குக் கதவு திறந்தது சில தெருக்களில் மட்டும். இனவாரியாகத் தெருக்களைப் பிரிக்கும் நகராட்சிச் சட்டங்கள் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1917-ல் சொன்னது. உடனே வேறு வழி பரவியது: "இந்த வீட்டை வெள்ளையரல்லாதவருக்கு விற்கக் கூடாது" என்று பத்திரத்திலேயே எழுதினார்கள். அந்த நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று தீர்ப்பு வர 1948 ஆனது. இதற்கிடையில் 1930-களில் ஓர் அரசு நிறுவனமே நகர வரைபடங்களில் கடனுக்கு ஆபத்தான பகுதிகள் என்று சிவப்பு வண்ணம் பூசியது. கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்கள் அநேகமாக எல்லாமே அந்தச் சிவப்புக்குள் வந்தன. வெள்ளையர்கள் அரசின் கடன் உத்தரவாதத்தில் புறநகரில் வீடு வாங்கினார்கள், கறுப்பினத்தவருக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் கிடைக்கவில்லை. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968 ஏப்ரலில்தான் வந்தது, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு வாரத்தில்.

சட்டம் வந்த பிறகும் பகுதிகள் ஏன் கலக்கவில்லை? இதற்கு இரண்டு ஆய்வுகளை எப்போதும் சொல்வேன். ஒன்று தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளியலாளர் 1971-ல் வெளியிட்டது. ஒரு கட்டப் பலகையில் இரண்டு நிறக் காய்களைக் கலந்து வைத்தார். ஒவ்வொரு காயும் கேட்பது மிகக் கொஞ்சம்: பக்கத்துக் கட்டங்களில் மூன்றில் ஒரு பங்காவது என் நிறமாக இருந்தால் போதும், இல்லையென்றால் நகர்ந்துவிடுவேன். யாருக்கும் மற்ற நிறத்தின் மேல் வெறுப்பு கிடையாது. ஆனாலும் ஒன்று நகர, அதைப் பார்த்து இன்னொன்று நகர, கடைசியில் பலகை இரண்டு கூட்டமாகப் பிரிந்துபோனது. சின்னச் சின்னத் தயக்கம் சேர்ந்தே ஒரு நகரத்தைப் பிளக்க முடியும் என்று அது காட்டியது.

இன்னொன்று 1976-ல் டெட்ராய்ட் நகரத்தில் நடந்த கள ஆய்வு. கறுப்பு, வெள்ளை வீடுகள் வெவ்வேறு விகிதத்தில் கலந்திருக்கும் தெருப் படங்களைக் காட்டி, எதில் குடியிருக்கப் பிடிக்கும் என்று கேட்டார்கள். கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் பாதிக்குப் பாதி கலந்த தெருவைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தார்கள். முழுக்கத் தங்கள் ஆட்களே இருக்கும் தெருவை முதல் விருப்பமாகச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். முழுக்க வெள்ளையர் தெருவில் முதல் ஆளாகப் போகத் தயங்கியவர்கள், அங்கே தங்களை எப்படி நடத்துவார்கள் என்ற பயத்தைக் காரணமாகச் சொன்னார்கள். வெள்ளையர்களுக்கோ கறுப்பு வீடுகள் கூடக் கூட அந்தத் தெரு வேண்டாததாகிக்கொண்டே போனது. ஒருவருக்கு நல்ல கலவையாகத் தெரிந்த தெரு மற்றவருக்குக் காலி செய்ய வேண்டிய தெரு. அப்படியானால் அந்தத் தெரு பாதிக்குப் பாதியாக நிற்பதே இல்லை. உங்கள் அண்ணன் பார்ப்பது அதன் விளைவை. விளைவைப் பார்த்து விருப்பத்தைக் கணிக்க முடியாது.

சரி, நம் பக்கம் வருவோம். கடன் விண்ணப்பம் எல்லாம் முடிந்து, கையெழுத்துக்கு முந்தின நாள் ஒரு முஸ்லிம் தம்பதி வந்தார்கள். மனைவி அரசு மருத்துவமனையில் செவிலியர். பாளையங்கோட்டைப் பக்கம் புது லேஅவுட்டில் வீடு. பட்டா, வரைபட அனுமதி, விலை எல்லாம் சரியாக இருந்தது. அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "வீடு நல்லாத்தான் இருக்கு சார். ஆனா அந்தத் தெருவுல நாங்க ஒரே ஒரு வீடுதான. ராத்திரி ஒண்ணுன்னா யாரைக் கூப்பிட?" யாரும் அவரை வரவேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை. விற்பவர் தங்கமான மனிதர். அந்த அம்மாவின் கவலை எதிரி வீட்டைப் பற்றியது இல்லை, தெருவில் ஒற்றை வீடாகிவிடுவதைப் பற்றியது. அடுத்த தெருவில் இரண்டு முஸ்லிம் குடும்பங்கள் இருப்பது தெரிந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். கவனியுங்கள், அவருக்கு வேண்டியிருந்தது இரண்டே இரண்டு வீடு, அதுவும் அடுத்த தெருவில். முழுத் தெருவையும் அவர் கேட்கவில்லை. இந்த மாதிரிக் கணக்கை முஸ்லிம்களிடம் மட்டுமில்லை, இந்துக்கள் குறைவாக உள்ள ஊரில் மாற்றலாகிப் போன இந்துக் குடும்பங்களிடமும், ஊருக்கு ஒரு வீடாக இருக்கும் ஆசாரி, முடிதிருத்தும் மருத்துவர் சமூகக் குடும்பங்களிடமும் கேட்டிருக்கிறேன். என் அனுபவத்தில் சிறுபான்மையினர் தேடுவது பெரும்பான்மையாக இருக்கும் இடத்தை இல்லை. தனியாக மாட்டிக்கொள்ளாத இடத்தை.

அப்படியானால் மேலப்பாளையம் எப்படி இவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது? அதற்குப் பயம் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் முதல் காரணமாக நான் சொல்ல மாட்டேன். அது நகரம் விரிந்து வந்து தொட்ட பழைய நெசவு ஊர். தனி நகராட்சியாக இருந்து, 1994-ல் திருநெல்வேலி மாநகராட்சி உருவானபோது பாளையங்கோட்டையோடு சேர்த்து இணைக்கப்பட்டது. தறி குறைந்த பிறகு பீடி வந்தது. பீடி சுற்றுவது பெண்கள் வீட்டிலிருந்தே செய்யும் வேலை. கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, இலையை நனைத்து, அளவுத் தகடு வைத்து வெட்டி, சொளவை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு சுற்றி, நூல் கட்டி, கட்டுக் கட்டாக அடுக்கித் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அங்கே எண்ணிப் பார்ப்பார்கள், சரியில்லாததைக் கழிப்பார்கள், கையில் இருக்கும் புத்தகத்தில் வரவு வைப்பார்கள், அடுத்த சுற்றுக்கு இலை தருவார்கள். இது நடந்து போய் வரும் தூரத்தில் இருந்தால்தான் ஆகும். பீடிக்கடை இல்லாத புது நகரில் வீடு வாங்கினால் அந்தப் பெண்ணின் சம்பாத்தியம் அன்றோடு போச்சு. கூடவே பள்ளிவாசல், பிள்ளைகளுக்கு மதரசா, பக்ரீத்துக்கு ஆடு வாங்கச் செவ்வாய்க்கிழமைச் சந்தை, கடைசியில் அடக்கம் செய்ய மையவாடி. இந்தக் கடைசி விஷயத்தை ஆய்வாளர்கள் அதிகம் பேசுவதில்லை, ஆனால் வயதானவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். புது லேஅவுட்டில் பூங்காவுக்கு இடம் விடுவார்கள், அடக்கம் செய்ய இடம் இருக்காது. ஜமாத்தில் பெயர் இருந்தால்தான் மையவாடியில் இடம். கிறிஸ்தவர்களுக்கும் அப்படியே, சேகரத்தில், அதாவது தங்கள் சபையில், சந்தா கட்டியிருந்தால்தான் கல்லறைத் தோட்டத்தில் கேள்வி இல்லாமல் இடம் கிடைக்கும். பிறகு எப்படித் தூரமாகப் போவார்கள்?

முஸ்லிம்கள் அதிகம் வாழும் கடலோர ஊரான காயல்பட்டினத்தில் இன்னொரு விதம். அங்கே கல்யாணமான பெண் தாய்வீட்டிலோ அதை ஒட்டியோதான் இருப்பாள், மாப்பிள்ளைதான் வருவார். வீடு பெண்மக்களுக்குப் போகும். ஆகவே ஒரு தெருவில் அக்கா தங்கைகள் தலைமுறை தலைமுறையாகக் கூடியே இருப்பார்கள். இதை மதத்தால் ஒதுங்கி வாழ்வது என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எழுதினால் பாதி தப்பாகிவிடும்.

பயத்தால் உருவான ஊர்களும் நம் பக்கம் உண்டு, அதற்குத் தெளிவான சான்று இருக்கிறது. பழைய திருநெல்வேலிச் சீமையில், இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளத்துக்குப் பக்கம், முதலூர் இருக்கிறது. கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களின் வீடுகளையும் ஜெபக்கூடங்களையும் சொந்த ஊர்க்காரர்கள் இடித்தும் கொளுத்தியும் விரட்டியபோது, உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முயற்சியில் 1799-ல் நிலம் வாங்கிக் குடியேறிய ஊர் அது. பிறகு மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830-ல், தர்ம சங்கம் என்று ஓர் அமைப்பு தொடங்கி, விரட்டப்பட்டவர்களுக்காக நிலமும் வீடும் வாங்கிக் கொடுத்தார்கள். டோனாவூர், மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம் என்று நம் பக்கம் கேட்கும் ஊர்ப்பெயர்கள் அந்தக் காலத்து மிஷன் குடியேற்றங்களின் தடம். அங்கே போனவர்கள் தங்கள் ஆட்களோடு இருக்க விரும்பினார்களா என்று கேட்டால், ஆமாம், விரும்பினார்கள்தான். எரிந்த கூரைக்குக் கீழே நின்றுகொண்டு விரும்பினார்கள். இதை எல்லாம் ஒரே சொல்லில் விருப்பம் என்று அடைப்பது எனக்குச் சம்மதம் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்த ஊர்களில் பல, மதத்தால் புதிதானாலும் சாதியால் ஒரே ஆட்களின் ஊராகவே நிலைத்தன. பயந்து சேர்ந்த கூட்டமும் இன்னொருவருக்குக் கதவைச் சாத்தும்.

கதவைச் சாத்துவது என்றதும் வாடகை வீட்டைச் சொல்லாமல் முடியாது. நெல்லையில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முன்பணத்துக்கு முந்தி வரும் கேள்வி, "நீங்க எந்த ஊரு? யாரு ஆட்கள்?" முகம் சுளிக்காமல், காபி கொடுத்துக்கொண்டே கேட்பார்கள். பதில் பிடிக்கவில்லை என்றால் "ஏற்கெனவே ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்" என்பார்கள். "சைவம் மட்டும்" என்ற அட்டை பல நேரம் சாப்பாட்டைப் பற்றியது மட்டும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அமெரிக்காவில் ஒரு வீட்டுத் தரகரிடம் "இந்தத் தெருவில் எந்த இனத்தவர் இருக்கிறார்கள்?" என்று உங்கள் அண்ணன் கேட்டுப் பார்க்கட்டும், அவர் பதில் சொல்லவே தயங்குவார். இனத்தைப் பார்த்து வாடிக்கையாளரை ஒரு பகுதிக்குத் திருப்பிவிடுவது 1968 சட்டப்படி சட்டவிரோதம். இங்கே அரசியல் சட்டம் 19-ஆம் பிரிவில் இந்தியாவின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் தனியார் வீட்டு உரிமையாளர் மதத்தைச் சொல்லி மறுத்தால் தண்டிக்க அமெரிக்காவில் இருப்பது போன்ற பொதுச் சட்டம் இல்லை. 2005-ல் பார்சிகளின் வீட்டு வசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், உறுப்பினர் சேர்க்கையைத் தங்கள் சமூகத்துக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. தீண்டாமையின் பேரில் மறுத்தால் மட்டும் கதை வேறு. 1955-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தீண்டாமை காரணமாகத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. இந்தப் பிரிவு இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களாலும் "வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்" என்ற பதிலுக்கு எதிராக எதை நிரூபிக்க முடியும்?

இங்கேதான் ஒரு எச்சரிக்கை. மேலப்பாளையத்தையும் ஊருக்கு வெளியே இருக்கும் காலனியையும் ஒரே வகையாகப் பேசக் கூடாது. நம் கிராமங்களில் பட்டியல் சாதியினர் குடியிருப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதை அங்கே குடியிருப்பவர்கள் தீர்மானிக்கவில்லை. ஊரின் கிழக்கிலா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கமா என்பதை மற்றவர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவர் வரலாற்றுக்கு நம்மிடம் நெருங்கிய ஒப்பு தேடினால், அது இதுதான், மேலப்பாளையம் இல்லை. கடன் வேலையில் இதை வேறு முகத்தில் பார்த்தேன். எங்கள் கிளையில் எந்தப் பகுதிக்கும் கடன் தரக் கூடாது என்று எழுதிவைத்த பட்டியல் கிடையாது. ஆனால் தாய்ப் பத்திரம் இல்லை, கூட்டுப்பட்டா, வீட்டுக்குப் போகும் பாதை மூன்றடி, வரைபட அனுமதி இல்லை என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது, விண்ணப்பம் தானாகவே விழும். காலனிகளிலும் பழைய நெருக்கமான தெருக்களிலும் இது அடிக்கடி நடக்கும். யாரும் சிவப்பு வண்ணம் பூசவில்லை, ஆனால் கடன் போய்ச் சேராத பகுதி உருவாகிவிடுகிறது. கடன் இல்லாத இடத்தில் வீட்டு விலை ஏறாது. விலை ஏறாத வீட்டை விற்று வேறு இடத்துக்குப் போக முடியாது. அதற்கப்புறம் வெளியிலிருந்து பார்ப்பவர், "இவர்களுக்கு இங்கேயே இருக்கத்தான் பிடிக்கிறது" என்கிறார்.

கலந்து வாழ வைக்க அரசு முயன்றால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரைப் பாருங்கள். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து நெசவாளர் முஸ்லிம் குடும்பங்கள் அங்கே போய்த் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் பகுதியில் கூடி வாழ்ந்தார்கள். ஆண்கள் மட்டும் போகாமல் பெண்டு பிள்ளைகளோடு போனதால், கடையநல்லூர்த் தெருவே அங்கே முளைத்த மாதிரி இருந்தது. 1941-ல் தங்களுக்கென்று லீக் என்ற பெயரில் சங்கம் ஒன்று தொடங்கினார்கள், பிறகு உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி நடத்தினார்கள். பழைய குடியிருப்புகள் அடுக்குமாடிகளாக மாறியபோது அந்தக் கூட்டம் தீவு முழுக்கச் சிதறியது. 1989-லிருந்து அரசு கட்டிய ஒவ்வொரு அடுக்குமாடியிலும் ஒவ்வொரு இனத்துக்கும் உச்சவரம்பு வைத்தார்கள். இந்தியர் உள்ளிட்ட மற்றவர்களுக்கு அது இப்போது வட்டாரத்தில் 12, ஒரு கட்டடத்தில் 15 சதவீதம். தனித்தனிப் பேட்டைகள் உருவாகாமல் தடுத்ததில் அது வென்றது என்றுதான் சொல்ல வேண்டும். விலை கொடுத்தவர்கள் யார் என்றால் சிறுபான்மையினர். சீனர் வரம்பு நிரம்பிவிட்ட கட்டடத்தில் ஓர் இந்தியர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது, வாங்க ஆள் குறைவு, விலை இறங்கும். நம் பெரியார் நினைவு சமத்துவபுரங்களும் இதே நோக்கம்தான். 1997-ல் அறிவித்த திட்டம், 100 வீட்டில் 40 பட்டியல் சாதியினருக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் 25 வீதம், மற்றவர்களுக்கு 10. நல்ல திட்டம் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் ஒதுக்கீட்டில் வீடு கிடைத்தவர் வேலைக்கும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் பழைய தெருவுக்கே போய்வந்தால், வீடுகள் மட்டும் கலக்கும்.

எது எவ்வளவு என்று தராசில் நிறுத்துச் சொல்ல முடியுமா? முடியாது. பயம், மறுப்பு, பிழைப்பு, வழிபாடு, சொந்தபந்தம் எல்லாம் ஒரே குடும்பத்தின் ஒரே முடிவில் கலந்திருக்கும். அந்தக் குடும்பத்திடமே கேட்டாலும் பிரித்துச் சொல்ல வராது. மறுக்கப்பட்டவர்கள் பலர், மறுத்தார்கள் என்று சொல்ல வெட்கப்பட்டு, "எங்களுக்கே இங்கதான் வசதி" என்று சொல்வதையும் கேட்டிருக்கிறேன். ஆகவே விருப்பம் என்று மக்கள் வாயால் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஓரளவு நம்பக்கூடிய சோதனை ஒன்று உண்டு: கையில் பணமும், மறுக்க முடியாத வேலையும் வந்த பிறகு அதே மக்கள் எங்கே போகிறார்கள்? மேலப்பாளையத்துப் பிள்ளைகள் ஆசிரியர், பொறியாளர் வேலைக்கு வந்த பிறகு பலர் பெருமாள்புரம், என்ஜிஓ காலனி, கேடிசி நகர்ப் பக்கம் வீடு கட்டினார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் பெருநாளைக்கும் உம்மா வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சிலர் வசதி வந்தும் போகவில்லை, பழைய வீட்டை இடித்து அதே இடத்தில் மாடி எடுத்தார்கள். முதல் கூட்டத்தைப் பார்த்து எல்லாருக்கும் வெளியே போக ஆசை என்றோ, இரண்டாவது கூட்டத்தைப் பார்த்து யாருக்கும் ஆசை இல்லை என்றோ முடிவு கட்ட மாட்டேன். போகிறவருக்குக் கதவு திறந்திருந்ததா என்பதுதான் நான் பார்ப்பது.

உங்கள் அண்ணன் விஷயத்துக்கு: அவர் நியூ ஜெர்சியின் எடிசன் ஊர்ப் பக்கம் வீடு பார்த்தால், அங்கே மக்கள்தொகையில் பாதி அளவுக்கு ஆசிய வம்சாவளியினர் இருப்பதைக் காண்பார். இந்தியர்கள் அங்கே பெரும்பாலும் 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு, படிப்போடும் சம்பளத்தோடும் வந்து, வீட்டுப் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் அமலில் இருந்த காலத்தில் வீடு வாங்கியவர்கள். பள்ளிக்கூடம், கோயில், மளிகைக்கடை பார்த்துச் சேர்ந்தார்கள். அவர்கள் கூடியதை விருப்பம் என்று பெரும்பாலும் சொல்லலாம். அதே மாநிலத்தில் நியூவார்க்கின் கறுப்பினத் தெருக்களுக்கு அதே விளக்கத்தைப் பொருத்தினால் தப்பு. வீடு பார்க்கும்போது பள்ளி, பயண நேரம், சொத்து வரி எல்லாம் பார்க்கட்டும். தெருவில் நம்மவர் இருக்கிறார்களா என்று பார்ப்பதிலும் குற்றமில்லை, அந்தச் செவிலியர் அம்மா பார்த்ததும் அதைத்தான். ஆனால் ஒரு தெருவைப் பிடிக்கவில்லை என்று கழிக்கும்போது, பள்ளிக்காகக் கழிக்கிறாரா, அங்கே குடியிருப்பவர்களின் நிறத்துக்காகக் கழிக்கிறாரா என்று ஒருமுறை நேராகவே அவரைக் கேளுங்கள். தம்பி கேட்டால் சொல்லாமலா போவார்?